கழுவிய கற்கள்

மூடல் நாள் 43. ஏப்ரல் 12. காலை 06:00
வெளியே 38 டிகிரி, ஈரப்பதம் 84. உள்ளே 29. பிரீசரில் உறைய வைத்த ஐஸ் சட்டை அணிந்து வெளியே தாங்கும் நேரம்: 70 நிமிடம்.

மழை வந்து இந்த வீட்டின் கதவைத் திறக்கப்போகிறவருக்காக இதை எழுதுகிறேன். மூடிய வீடு ஒவ்வொன்றிலும் ஒருவர் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்பது வட்ட அலுவலகத்தின் விதி. இந்த வீட்டில் எழுதுபவள் எமரன்ஷியா தனராஜ், வயது 71, கணவரை இழந்தவள், ஓய்வுபெற்ற செவிலியர். உடன் இருப்பவர்கள் என் மகன் ஆல்பின், அவன் மனைவி சுகிர்தா. பெரம்பூர், வீட்டு எண் 9.

மார்ச் முதல் மழை வரும்வரை வெளிச்சூடு கொல்லும் என்பதால் யாரும் வெளியே வருவதில்லை. கடை இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. சேர்த்து வைத்த அரிசியையும் விளைவிப்பதையும்தான் உண்கிறோம். மொட்டை மாடியைக் கண்ணாடியால் மூடி என் கணவர் அமைத்த தோட்டம் இது. மூவாயிரம் லிட்டர் தொட்டியில் ஜிலேபி மீன் அறுபது. மீன் தண்ணீர் கல் படுக்கை வழியாகக் கீரைக்கும் வெண்டைக்கும் போய், தெளிந்து தொட்டிக்குத் திரும்பும்.

ஆல்பினுக்கு இரண்டாவது நாளாகக் காய்ச்சல். சுகிர்தா கீழே அவனருகிலேயே இருக்கிறாள். நேற்று கல் படுக்கையில் பழுப்பு நிறத்தில் வழவழப்பு படிந்திருந்தது. பார்க்கவே அருவருப்பு. கற்கள் முழுவதையும் வாரி, பிளீச்சிங் பவுடர் கரைசலில் இரண்டு மணி நேரம் ஊற வைத்து, மூன்று முறை அலசி, திரும்பப் பரப்பினேன். முப்பத்தொரு வருடம் அறுவை அரங்குக் கருவிகளைச் சுத்தம் செய்தவள் நான். கற்கள் இப்போது வெள்ளையாக இருக்கின்றன.

இந்தப் புத்தகத்தில் அடித்தல் திருத்தல் இராது. கான்வென்டில் அப்படித்தான் பழக்கினார்கள்.

மூடல் நாள் 47. ஏப்ரல் 16. காலை 06:00
வெளியே 38. தாங்கும் நேரம்: 66 நிமிடம்.

தண்ணீரில் அம்மோனியா சோதனை. சொட்டு மருந்து மஞ்சளாக நிற்க வேண்டும். பச்சையாகிறது. மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. ஐந்து செத்தன.

ஆல்பின் எழுந்துவிட்டான். தீனிப் பதிவேட்டைப் பார்த்தான். அவன் படுத்திருந்தபோது சுகிர்தா ஒரே நாளில் இரண்டு வேளை தீனி போட்டிருக்கிறாள். மிஞ்சிய தீனி அழுகித் தண்ணீர் கெட்டது என்கிறான். அவனுடைய கணிப்பை ஒப்புக்கொண்டேன். சுகிர்தா வாளி எடுத்து, சேமித்து வைத்த தண்ணீரால் தொட்டித் தண்ணீரை மாற்றத் தொடங்கினாள். இந்தப் பெண்ணுக்கு ஒழுங்கு போதாது என்று திருமணத்தன்றே எனக்குத் தெரியும்.

மூடல் நாள் 51. ஏப்ரல் 20. மாலை 18:00
வெளியே 41. தாங்கும் நேரம் (விடியலில்): 63 நிமிடம். மீன்: 38.

ஆறு மணிக்கு வயர்லெஸ்ஸில் இந்த வட்டத்தின் வீடுகள் ஒவ்வொன்றும் தன் வீட்டு எண்ணைச் சொல்ல வேண்டும். இன்று கருவி முன் நான் மட்டும் இருந்தேன். எண் சொன்ன பிறகு வியாசர்பாடி வீட்டு எண் 3 அழைத்தது. தவமணி. முன்பு இட்லிக் கடை நடத்தியவள். அவளுடைய தொட்டியைப் படத்தில் பார்த்திருக்கிறேன். சாக்கடை போல இருக்கும்.

பதிவு:
"இன்னா சிஸ்டர், மீனுங்க சௌக்கியமா? உன் வூட்ல அதுங்க ஸ்கூல் அசெம்பிளி மாதிரி வரிசையா நீந்துமே!"
"சில செத்துப்போச்சு தவமணி. தண்ணி கெட்டுப்போச்சு."
"கல்லைக் கழுவிட்டியா?"
"ஏன் கேக்குற?"
"கழுவுனா சாவும், அதான். அந்த வழவழப்புதான் உசுரு. மீனு கழிவைச் செடி தின்ற மாதிரி மாத்திக் குடுக்கறதே அதுதான். அழுக்குன்னு நெனச்சி எங்க நாத்தனா ஒருத்தி தேச்சிக் கழுவி, தொட்டியே போச்சு. உங்கிட்ட அந்த மாதிரி இருந்தா சொல்லு. ஒரு பிடி கல்லு தரேன், உறை மோர் மாதிரி. பதினஞ்சு நாள்ல பூராவும் புடிச்சிக்கும். ஆளை அனுப்பு, அரை மணி நேரந்தானே நடை."
"தேவையில்லை. எங்க வீட்ல எல்லாம் ஒழுங்கா இருக்கு."

பதிவு முடிந்தது.

நடை 35 நிமிடம். தாங்கும் நேரம் 63. அங்கே சட்டையை மறுபடி உறைய வைத்துக்கொண்டு மறுநாள் திரும்பலாம். பாதுகாப்பாகப் போய் வரக்கூடிய தூரம்தான்.

கல் கேட்டால் கற்கள் எப்படிச் செத்தன என்று சொல்ல வேண்டும்.

மூடல் நாள் 62. மே 1. காலை 06:00
வெளியே 40. தாங்கும் நேரம்: 54 நிமிடம். மீன்: 11.

வெண்டை இலைகள் மஞ்சளாகின்றன. ஆல்பின் சுகிர்தாவோடு பேசுவதைக் குறைத்துவிட்டான். அவள் தன் பங்குச் சோற்றில் பாதியைப் பானையிலேயே விட்டுவிடுகிறாள். நான் கவனிக்கவில்லை என்று நினைக்கிறாள்.

இன்று சொல்லிவிடலாம் என்று மாடிக்குப் போனேன். அவள் செத்த மீன்களை வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, மன்னிச்சிடுங்க அத்தை என்றாள். பரவாயில்லை என்றேன்.

பரவாயில்லை என்றேன். இந்த வரி நேராகவே இருக்கிறது. கையெழுத்தைப் பாருங்கள்.

மூடல் நாள் 81. மே 20. மாலை 18:00
வெளியே 45. தாங்கும் நேரம் (விடியலில்): 42 நிமிடம். மீன்: 0. கீரை: 0.

அரிசி மட்டும் இருக்கிறது. தவமணி இன்று ஆல்பினிடமே பேசிவிட்டாள். ஒரு பிடி கல்லும் ஏழெட்டுக் குஞ்சு மீனும் தருவதாகச் சொன்னாள். "போன மாசமே சொன்னனே, அம்மா சொல்லலியா?" என்று கேட்டாள். ஆல்பின் என்னைப் பார்த்தான். மறந்துவிட்டேன் என்றேன். எழுபத்தொரு வயதில் அது நம்பக்கூடிய பதில்.

ஐஸ் சட்டை ஒன்றுதான். 42 நிமிடம் என்பது ஐம்பது கிலோ உடம்புக்கு. ஆல்பின் 88 கிலோ. அவனுக்கு 25 நிமிடம்கூட வராது. நான் போகிறேன் என்றேன். அந்த நடையை என் முழங்கால் ஒரு மணி நேரத்துக்கு இழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். சுகிர்தா, என்னால் வந்த வினை, நானே போகிறேன் என்றாள்.

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

மூடல் நாள் 83. மே 22. காலை 06:00
வெளியே 41. தாங்கும் நேரம்: 41 நிமிடம்.

04:55க்குப் புறப்பட்டாள். அளவு பார்க்க எங்கள் கற்கள் மூன்றைப் பையில் எடுத்துப்போனாள். 05:38க்கு வயர்லெஸ்:
"சிஸ்டர், உன் மருமவ வந்துட்டா. வாசப்படியில கண்ணு சொருகிடுச்சு. இப்போ மோர் குடிச்சிட்டு குந்திக்கினு கீறா. எங்க பிரீசரு நொண்டி, சட்டை உறைய நாளு புடிக்கும். உறைஞ்சதும் அனுப்பறேன், பயப்படாத."

மாதாவுக்கு நன்றி.

மூடல் நாள் 83. மாலை 18:00

பதிவை முழுமையாகத் தருகிறேன். ஆல்பின் என் பக்கத்தில் நின்றிருந்தான். பதினான்கு வீடுகள் கேட்டுக்கொண்டிருந்தன.

"சிஸ்டர், பொண்ணு உங்க வூட்டுக் கல்லு எடுத்தாந்திருக்குது. சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி கீது. இது தீனியால செத்த கல்லு இல்ல. மருந்துல ஊறுன கல்லு. யாரு கழுவுனது?"
"எனக்குத் தெரியாது தவமணி. தொட்டி மருமக பொறுப்பு."
"அத்தை, நான் சுகிர்தா. பிளீச்சிங் பவுடர் உங்க அலமாரியிலதானே இருக்கு? சாவி உங்க கழுத்துச் சங்கிலியிலதானே இருக்கு?"
"அலமாரியை நான் எப்பவும் பூட்டுறதில்ல. யாரும் எடுக்கலாம்."
"ஆல்பின், நீங்க இருக்கீங்களா? நீங்க சொல்லுங்க. நான் அப்படிச் செய்வேனா?"

ஆல்பின் பொத்தானை அழுத்தவில்லை. பதினொரு நொடி.

"சரி. நான் வரல. மழை வர்ற வரைக்கும் இவங்க வீட்லயே இருந்துக்கறேன். அரிசி ரெண்டு பேருக்குக் கொஞ்ச நாள் கூட வரும்."
"அடப் பாவிங்களா" என்று தவமணியின் குரல், தூரத்திலிருந்து.

பதிவு முடிந்தது.

ஆல்பின் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எழுத விரும்புகிறேன். எனக்கு உறுதியில்லை.

மூடல் நாள் 84. மே 23. காலை 05:20
வெளியே 41. சட்டை இல்லாமல் தாங்கும் நேரம்: வட்ட அலுவலகத்தின் அட்டவணையில் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது.

ஆல்பின் போய்விட்டான். இரண்டு வெள்ளைப் போர்வைகளை நனைத்துச் சுற்றிக்கொண்டான். அவளைக் கூட்டி வருகிறேன், அந்த நேரத்தில் நான் பேசியிருக்க வேண்டும் என்றான்.

நான்தான் கழுவினேன் என்று சொன்னேன். உள்கதவு மூடிய பிறகு சொன்னேன். கண்ணாடி இருபது மில்லிமீட்டர். அவன் திரும்பிப் பார்த்தான். என் வாய் அசைவதைப் பார்த்திருப்பான். ஜெபம் சொல்கிறேன் என்று நினைத்திருக்கலாம். கையை உயர்த்திக் காட்டிவிட்டு வெளிக்கதவைத் திறந்தான்.

மூடல் நாள் 84. காலை 06:30

வியாசர்பாடியிலிருந்து அழைப்பு இல்லை.

மூடல் நாள் 84. முற்பகல் 11:40

மாடிக் கண்ணாடி வழியாகத் தெரு முனை தெரிகிறது. மின்மாற்றிக்குக் கீழே வெள்ளையாக ஏதோ கிடக்கிறது. ஆறு மணிக்கு அங்கே ஒன்றும் இல்லை. பாதி வழி போய்த் திரும்பியிருக்கிறான். வீட்டுக்கு இன்னும் தொண்ணூறு மீட்டர்.

பிற்பகல் 14:10. பன்னிரண்டு, ஒன்று, இரண்டு மணிக்கும் பார்த்தேன். அசையவில்லை. காற்று இல்லை, அதனால் என்று ஒரு முறை நினைத்தேன். பின்பு பார்ப்பதை நிறுத்தினேன். பின்பு மறுபடி.

மூடல் நாள் 84. மாலை 18:00

"அத்தை, சுகிர்தா பேசறேன். அவர்கிட்ட குடுங்க."
"படுத்திருக்கான்."
"கோவமா?"
"பேசமாட்டேங்கிறான்."

உண்மையைச் சொன்னால் அந்த நொடியே கதவைத் திறந்துகொண்டு ஓடி வருவாள். சட்டை இன்னும் உறையவில்லை. அவளைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னேன். இப்படி எழுதினால் அது பாதி உண்மை. மீதிப் பாதியை இந்தப் புத்தகத்தில் முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வருகிறீர்கள்.

மூடல் நாள் 85. மே 24. காலை 06:00
வெளியே பார்க்கவில்லை.

அரிசி 41 கிலோ. மூன்று பேருக்கு ஜூலை 8 வரை. ஒருவருக்கு அக்டோபர் 7 வரை. யாரும் கேட்காமலே கை இந்தக் கணக்கைப் போட்டுவிட்டது. மழை வரும்போது நான் உயிரோடு இருப்பேன்.

~~ஆல்பின்~~ அடித்தல் ஒன்று. மன்னிக்கவும். எ.த.

மூடல் நாள் 85. மாலை

தண்ணீர் இறைக்கும் மோட்டாரை நிறுத்தவில்லை. வெற்றுத் தொட்டியிலிருந்து வெள்ளைக் கல்லுக்குத் தண்ணீர் போகிறது, வருகிறது. மிகத் தெளிவாக இருக்கிறது. இத்தனை தெளிவான தண்ணீரை இந்த வீட்டில் பார்த்ததே இல்லை.

"அத்தை, ஒரே ஒரு உதவி. நான் கழுவலன்னு அவர்கிட்ட நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாரு. உங்க வார்த்தைய அவர் தட்டினதே இல்ல."
"சொல்றேன்."
"சத்தியமா?"
"சொல்றேன்னு சொன்னேனே."

மாடிக்குப் போனேன். தெரு முனையைப் பார்த்து நின்று சொன்னேன். முழுவதும் சொன்னேன். பவுடர் எத்தனை கரண்டி என்பதுவரை.

மூடல் நாள் 86. மே 25. மாலை 18:00

"சொன்னீங்களா அத்தை?"
"சொன்னேன்."
"நீங்கதான் கழுவினீங்கன்னா?"
"நான்தான்னு சொன்னேன்."

பதினான்கு வீடுகளும் கேட்டன.

"என்ன சொன்னாரு?"

சிரித்தான் என்றேன்.

அவளும் சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். சட்டை உறைந்துவிட்டதாம், ஒரு பிடிக்கு இரண்டு பிடியாகக் கல் எடுத்து வைத்திருக்கிறாளாம், விடியலில் புறப்படுகிறாளாம். வேண்டாம், தாங்கும் நேரம் இன்னும் குறைந்துவிட்டது என்றேன். அவர் வேண்டாம்னு சொன்னா நிக்கறேன், ஒரு நிமிஷம் அவர்கிட்ட குடுங்க என்றாள்.

பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கிறேன். நான் அழுத்தியிருக்கும்வரை அவளால் பேச முடியாது. விரலை எடுத்தால் அவன் எங்கே என்று சொல்ல வேண்டும். மணி 18:52. விரல்