கழுவிக் கவிழ்த்த போத்தல்கள்

என் உயிரோடு ஒட்டிய ராத்தா,

உங்கள் மண் பூச்சிகளைத் தொலைத்துவிட்டேன். வேறு யாரிடம் சொல்ல?

ஒரே வயல் வரம்பில், ஒரே வாரத்தில், இரண்டு விதமாகப் பிடித்தீர்கள். மண்ணோடு மட்டமாகப் புதைத்த யோகட் கப்களில் ஊர்ந்து திரிந்தவை விழுந்தன. அள்ளி வந்த மண்ணைப் புனலில் இட்டு மேலே பல்ப் எரியவிட்டபோது, சூடு தாங்காமல் கீழே இறங்கியவை ஸ்பிரிட் போத்தலில் விழுந்தன. எந்த முறை நிலத்தின் உண்மையைச் சொல்கிறது என்பதுதான் உங்கள் ஆய்வு. கப்பில் விழுந்தவற்றை எண்ணி முடித்தீர்கள். போத்தல்களைத் தொடுமுன் நோய் உங்களைப் படுக்கையில் போட்டது. "மிச்சத்த நீ எண்ணிரு தங்கச்சி" என்றீர்கள். "ஓம்" என்றேன்.

நீங்கள் இறந்த நாற்பதாம் நாள் கத்தம் ஓதுவதற்காக வீட்டைத் துப்புரவாக்கும்போது, உம்மாவின் தங்கை என்ற உரிமையோடு சாச்சி உங்கள் அறைக்குள் போனார். ஒரு மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"என்ன புள்ள இது, குடிக்கிற சாமானா?"

"ஸ்பிரிட் சாச்சி. பூச்சி கெட்டுப்போகாம இருக்க."

"பூச்சியோ புழுவோ, ஆலிம்சா வந்து ஓதப்போற ஊடு. மௌத்தான புள்ளய ஊர் கதைக்கப்படாது."

நான் உங்களுக்காக ஓதவேண்டிய யாஸீனைக் கையில் வைத்து அழுதுகொண்டிருந்தேன். எழுந்து போய்த் தடுக்கவில்லை. அசர் தொழுகைக்குப் பிறகு பார்த்தால், இருபது போத்தலையும் கிணற்றடியில் கழுவிக் கவிழ்த்திருந்தார். உங்கள் பென்சில் எழுத்தோடு ஒட்டியிருந்த துண்டுகளைக்கூடச் சுரண்டியிருந்தார். உங்கள் மானத்தைக் காத்த நிம்மதி அவர் முகத்தில். அவரை எப்படி ஏசுவது?

நேற்று உங்கள் கொப்பியை விரித்தேன். கப்பின் நிரல் நிறைந்திருக்கிறது, புனலின் நிரல் வெறுமை. மூன்று இலக்கங்களை நானே எழுதினேன், ராத்தா. யாருக்குத் தெரியப்போகிறது? பிறகு அழித்தேன். கடதாசி கிழிந்துவிட்டது.

அந்த வாரத்து மண் இனி எங்கே கிடைக்கும்? புது மண்ணைப் பழைய கப்போடு ஒப்பிடக்கூடாது என்று சொன்னதும் நீங்கள்தானே? இரண்டையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கப் மூன்று நாள் புதைந்து கிடக்க வேண்டும். இன்றைக்கு ஐந்தாம் நாள் வரம்புக்குப் பூச்சி மருந்தடிக்கிறார்களாம். எனக்கோ உண்ணி எது, துள்ளுபூச்சி எது என்றுகூட நிச்சயமில்லை.

"ராத்தாட படிப்பு அந்தப் போத்தலுக்குள்ளதான் கிடந்திச்சு சாச்சி" என்று இன்று சொல்லிவிட்டேன். அரிசி கிளறிய தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மண் அள்ள நானும் வாறன். அந்தச் சாமான என்ட அலுமாரில வை. என்னட்ட ஒருத்தனும் கேக்கமாட்டான்."

நாளை சுபஹு தொழுகைக்குப் பிறகு இருவரும் வயலுக்குப் போகிறோம். தோற்றுப்போனால் அந்த நிரல் வெறுமையாகவே கிடக்கும். உங்கள் பெயருக்குக் கீழே ஒரு பொய் இலக்கமும் எழுதமாட்டேன்.

உங்களுக்கு அடுத்துப் பிறந்து, இன்னும் எண்ணத் தெரியாத
தங்கச்சி