மதிலில் ஒரு துணிக்கொடி

ஏப்ரல் 9, புதன்
தெற்குக் காற்று. போர்வைகள் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டன. மடித்துக்கொண்டிருந்தபோது தொல்பொருள் அலுவலகத்திலிருந்து ருஜேரோ என்ற இளைஞன் வந்தான். என் ஜன்னலிலிருந்து எதிரே கோட்டை மதில்வரை போகும் துணிக்கொடியை மாதக் கடைசிக்குள் அவிழ்க்க வேண்டுமாம். அதைக் கட்டியிருக்கும் இரும்பு வளையம் எழுநூறு வருடப் பழசாம்.

"கோட்டையைப் பாக்க வர்றவங்க உங்க உள்பாவாடையைத்தாம்மா பாக்குறாங்க."

என் உள்பாவாடை வெளியே காய்ந்ததே இல்லை. அது கீழ்வீட்டு நுன்சியாத்தாவுடையது. அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஏப்ரல் 10
கல்யாணமான வாரம் என் கணவர் வீத்தோ ஏணி வைத்து ஏறிக் கட்டிய கொடி. பாவம், இந்த வீட்டில் அவர் கோணாமல் செய்த ஒரே வேலை. அதையா அவிழ்ப்பது?

ஏப்ரல் 14
நுன்சியாத்தா சொல்கிறாள்: "பேசாம மொட்டை மாடியில போடுங்கக்கா. கோட்டையோட யாராவது சண்டைக்குப் போவாங்களா?"

ஒரு காலத்தில் துருக்கியர் சண்டைக்குப் போனார்கள். அவர்களுக்குக் கோட்டை ஏடுகளின் லத்தீன் தெரியாது. எனக்குக் கன்னியாஸ்திரிகள் விரல் முட்டியில் அடித்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 23
மறைமாவட்ட ஆவணக் காப்பகம். கோட்டைப் பதிவேடுகளைக் கேட்டேன்.

"எல்லாம் லத்தீன்மா," என்றார் பாதிரியார் ஓரோன்சோ.

"தெரியும் ஃபாதர். ஈஸ்டர் லத்தீன் பாட்டுல மூணு தப்பு விட்டீங்க."

உடனே எடுத்துக் கொடுத்தார்.

1311: எங்கள் சந்துப் பெண்கள் மதிலில் ஈரத்துணி உலர்த்தக் கூடாது — கோட்டைத் தலைவரின் ஆணை. 1338: மறுபடியும். 1360: கடுமையாக. 1402: எதிரிக் கப்பல் ஒன்று எங்கள் போர்வைகளைச் சரணடையும் கொடி என்று நினைத்துக் கரைவரை வந்துவிட்டதாம், தலைவர் அழாக்குறையாக எழுதியிருக்கிறார். மொத்தம் பதினேழு ஆணைகள்.

ஏப்ரல் 29
நகல்களை ருஜேரோவின் மேசையில் வைத்தேன்.

"அம்மா, இது தடை போட்டதுக்குத்தானே ஆதாரம்?"

"ஒரு தடவை போட்டது போதாம பதினேழு தடவை ஏன் தம்பி போட்டாங்க?"

யோசித்தான். பிறகு மேலதிகாரியைக் கூப்பிடப் போனான்.

மே 20, செவ்வாய்
கடிதம் வந்தது. துணிக்கொடி கோட்டையின் வரலாற்றில் சேர்ந்ததாம். யாரும் அவிழ்க்கக் கூடாதாம். நுன்சியாத்தா கட்டிப்பிடித்து அழுதாள். இரண்டாம் பக்கத்தை அப்புறம்தான் படித்தேன். பார்வையாளர்களுக்காக வியாழன்தோறும் காலை பத்து மணிக்குத் துணி உலர்த்துவது கட்டாயம். வெள்ளைப் போர்வை விரும்பத்தக்கது.

மே 22, வியாழன்
அருமையான காற்று. பத்து மணிக்குக் கீழே கேமராக்களோடு நாற்பது பேர், முன்னால் ருஜேரோ. ஜன்னலைச் சாத்திவிட்டுக் காபி போட்டேன்.

மே 23, வெள்ளி
போர்வைகளைத் துவைத்துப் போட்டேன். நன்றாகக் காய்ந்தன.