மீன்வாடி ஐஸ்

3.6.74 திங்கள்

பால்மா இந்த மாதமும் இல்லை. சங்கக்கடையில் கேட்டால் சிரிக்கிறார்கள். என் இரண்டாம் வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகள். பாதிப் பேர் வெறும் தேத்தண்ணியோடு வருகிறார்கள், பத்து மணிக்கெல்லாம் தலை மேசையில் சாய்கிறது. அதற்குத்தான் இந்தப் பழப்பால். பப்பாசியும் கதலிப்பழமும் மசித்து, வடிகட்டியில் தேய்த்து, தேங்காய்ப்பால் விட்டு, கொஞ்சம் பனங்கட்டி. பப்பாசி சூடு என்று தாய்மார் முணுமுணுத்தார்கள். வாழைப்பழம் குளிர்தானே, இரண்டும் சேர்ந்தால் சரியாகிவிடும் என்றேன். அதற்குப் பிறகு கதையில்லை. எனக்குக் கெட்டித்தனம் கொஞ்சம் கூடத்தான்.

பழம் ஜெஸீமாவிடம் வாங்குகிறேன். பள்ளிக்கூட வாசல் கேற்றடியில் பனையோலைக் கடகத்தோடு இருப்பவள். கிண்ணியாவில் தமையனின் தோட்டத்துப் பழம். அவள் மகள் அசனாவும் என் வகுப்புத்தான். நசிந்த பழம் ஒன்றுகூட இதுவரை தந்ததில்லை.

12.6.74 புதன்

நாளைக்குக் கல்விக் கந்தோரிலிருந்து அதிகாரி வருகிறார், என் பழப்பாலைப் பார்க்க! கச்சான் காற்று ஆளை வறுத்தெடுக்கிறது. குளிராகக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அக்காவின் புருஷன் தம்பிராசா அத்தான் மீன்வாடி வைத்திருக்கிறார். அங்கே உமிக்குள் ஐஸ் பாளம் பாளமாகக் கிடக்கும். போய்க் கேட்டேன்.

“இது மீனுக்குப் போடுற ஐஸ், பிள்ளை. குடிக்க ஆகாது.”

“மேலால கழுவினால் போச்சு, அத்தான்.”

“ஓம், நீ படிச்சவள். உன்ர இஷ்டம்” என்றார். சிரித்துக்கொண்டே ஒரு பாளத்தை உமியோடு கட்டிக்கொண்டு வந்தேன்.

13.6.74 வியாழன்

அதிகாரி தனக்குச் சளி என்று வாயில் வைக்கவில்லை. ஆனால் சம்பவக் குறிப்பேட்டில் மூன்று வரி பாராட்டி எழுதினார். பிள்ளைகள் முண்டியடித்துக் குடித்தார்கள். எனக்கு ஒரு மிடறும் மிஞ்சவில்லை. அந்த மூன்று வரியையும் நான் நாலு தரம் வாசித்தேன்.

14.6.74 வெள்ளி

பதினொரு பிள்ளைகள் வரவில்லை. வாந்தி, வயிற்றோட்டம். கதிரவேலை விடியற்காலையில் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய் சேலைன் ஏற்றியிருக்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளை.

தலைமையாசிரியர் கேட்டார், “பழம் எங்க வாங்கினீங்கள், டீச்சர்?”

“ஜெஸீமாவிட்ட.”

அவ்வளவுதான் சொன்னேன். கேட்டதற்குத்தானே பதில் சொன்னேன்? ஐஸைப் பற்றி அவர் கேட்கவில்லையே — சீ. இப்படி எழுதவே கை கூசுகிறது. அவர் கேட்கவில்லை என்பதற்காக நான் நல்லவளாகிவிடுவேனா?

17.6.74 திங்கள்

ஜெஸீமாவைக் கேற்றடியில் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கதிரவேலின் தாய் குணேஸ்வரி நடுத்தெருவில் அவள் கடகத்தைக் காலால் தள்ளிவிட்டா. “அழுகல் பழத்தை வித்துப் பிள்ளையளக் கொல்லப் பாத்தனியோ?” பப்பாசி மணலில் உருண்டு ஓடியது. நான் வகுப்பு யன்னலருகே நின்றேன். இரண்டாம் வாய்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அசனா யன்னல் பக்கம் திரும்பவேயில்லை. பிழையில்லாமல் வாய்பாடு சொன்னாள்.

19.6.74

கதிரவேல் வீட்டுக்கு வந்துவிட்டான். கடவுளே. ஜெஸீமாவின் இடம்தான் கேற்றடியில் இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது.

22.6.74 சனி

பள்ளிவாசலுக்குப் பின்னால் ஜெஸீமாவின் வீடு. போனேன். கதிரை எடுத்துப் போட்டாள். இருக்க மனம் வரவில்லை, நின்றபடியே சொன்னேன். பழத்தில் பிழையில்லை, ஐஸில்தான், அத்தான் சொல்லியும் கேட்காமல் நான்தான் போட்டேன் என்று.

அவள் அதிரவேயில்லை.

“எனக்குத் தெரியும் டீச்சர். உமியோட ஐஸ் உள்ளுக்குப் போனதக் கேற்றடியில இரிந்து நான் கண்டன்.”

“பிறகேன் ஒருத்தரிட்டயும் சொல்லேல்லை?”

“சொன்னா ஆரு நம்புற? நீங்க டீச்சர், நான் பழக்காரி. நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பாத்துக்கிட்டு இரிந்தன். ஒரு கிழமைக்கு மேலாப் பாத்தன்.”

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “எனக்கிட்டச் சொல்லி என்ன செய்ய? கடகத்தத் தள்ளினவங்களுக்கிட்டச் சொல்லுங்க” என்றுவிட்டுக் குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

24.6.74 திங்கள்

பெற்றாரைக் கூப்பிடச் சொன்னேன். “முடிஞ்ச கதையை ஏன் டீச்சர் கிளறுறீங்கள்?” என்றார் தலைமையாசிரியர். கிளறினேன். மண்டபத்தில் நாற்பது பேருக்கு முன்னால் ஐஸைப் போட்டது நான்தான் என்றேன். அத்தான் தடுத்ததையும் விடாமல் சொன்னேன்.

குணேஸ்வரி எழும்பினா. “அப்ப ஒரு பாவமும் அறியாத பொம்பிளையை நான் தெருவில வைச்சு ஏசினது? நீங்கள் யன்னலில நிண்டு பாத்தனீங்கள்தானே?”

ஓம் என்றேன். வேறென்ன சொல்ல?

“உங்கட பாலும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்” என்று மகனைக் கையில் பிடித்துக்கொண்டு போய்விட்டா.

27.6.74

ஜெஸீமா கேற்றடிக்குத் திரும்பிவிட்டாள். குணேஸ்வரி போய் வாழைப்பழம் வாங்கியதைப் பார்த்தேன். என்னைக் கண்டால் இரண்டு பேரும் பேச்சை நிறுத்துகிறார்கள்.

1.7.74 திங்கள்

பழப்பால் விருப்பமுள்ள பிள்ளைகள் குடிக்கப் பேணி கொண்டுவரட்டும் என்று தலைமையாசிரியர் அரைமனதாகச் சம்மதித்தார். கொதித்தாறின தண்ணீர்தான், பாத்திரமெல்லாம் வெந்நீரில் அலசினேன். பத்து மணியாயிற்று. ஒரு பேணியும் வரவில்லை. வாளியை மூடப் போனேன்.

அசனாவின் கையைப் பிடித்தபடி ஜெஸீமா வாசலில் நின்றாள். பிள்ளையின் கையில் பேணி.

“மன்னிச்சிட்டன் எண்டு நினையாதீங்க டீச்சர். ஊட்டுல பாலில்ல, புள்ள மெலியிறா. அதுக்குத்தான்.”

முதலில் நான் ஒரு பேணி குடித்தேன், இருவரும் பார்க்க. பிறகு பிள்ளைக்கு ஊற்றினேன். அசனா குடித்து முடிக்கும்வரை ஜெஸீமா ஒரு அடியும் நகராமல் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.