செருப்பைக் கடித்துக்கொண்டு கிடந்தவன்

மோர்னிங்சைட், ரொறொன்ரோ
ஓகஸ்ட் 26

என் அன்புத் தங்கச்சி எமில்டாவுக்கு,

மடுமாதாவின் காவலில் நாங்கள் எல்லோரும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி? பேசாலைப் பக்கம் யாராவது வந்தால் தைலம் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் பிள்ளைகளின் சங்கதி. என் மகள் யூஜினியின் மூத்தவள் ஷரோன் மருந்தாளர் சோதனையில் பாஸ். வெள்ளைக் கோட்டுப் போட்டு மருந்துக்கடையில் நிற்கிறாள், தமிழ்ச் சனம் அவளைத்தான் தேடிப் போகிறது. கடைக்குட்டி மெலிசாவுக்குப் பல்கலைக்கழகத்தில் முழுப் புலமைப்பரிசில். நடுவிலான் ஜெரூஷன் என்ஜினியர். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேரன் பறக்கிற பிளேனுக்குத் துவக்குப் பூட்டுகிறான் என்றால் பார்!

பயப்படாதே, பொய்த் துவக்கு. உலக யுத்தத்துப் பழைய போர் விமானங்களைப் போலவே இங்கே சிலர் புதிதாகச் செய்து கண்காட்சிகளில் பறக்கவிடுகிறார்கள். அதன் செட்டையில் இவன் குழாய் பூட்டுகிறான். சமையல் காஸ் மாதிரி ஒன்றும் ஒட்சிசனும் குழாய்க்குள் சேர்ந்து, பொறி பட்டதும் வெடிக்கும். நெருப்பு வரும், மெஷின் கன் சத்தம் வரும், குண்டு மட்டும் வராது.

மாசியில் ஒருநாள் அந்தச் சத்தத்தைப் போனில் போட்டு, "அம்மம்மா, நீங்கதானே உண்மையானதைக் கேட்டனீங்கள், உது சரியோ?" என்று கேட்டான். இது தையல் மெஷின் மாதிரி ஒழுங்காக ஓடுகிறது, தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் எங்கள் வீட்டுக்கு மேலே வந்த ஆமிப் பிளேன் திக்கித் திக்கித்தான் சுட்டது என்றேன். கரண்டியால் மேசையில் தட்டியும் காட்டினேன். "ஏனம்மா பெடியனுக்கு உதெல்லாம்" என்று யூஜினி சீறினாள். அவன் அதைப் போனில் பிடித்துக்கொண்டு போய், அந்தத் திக்கலை அப்படியே துவக்குக்கு வைத்துவிட்டான். முதலாளிக்கும் பிடித்துப்போயிற்றாம். எனக்குப் பெருமைதான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

போன சனிக்கிழமை காட்சிக்கு என்னையும் கூட்டிப்போனான். ஒரு மணித்தியால ஓட்டம். புல்வெளி நிறையச் சனம். எனக்கு முன்வரிசையில் கதிரை. பிளேன் தாழப் பறந்து வந்து சுட்டது.

எமில்டா, என் கரண்டிச் சத்தம் வானத்திலிருந்து வந்தது. பார்த்தால் நான் கதிரையில் இல்லை, புல்லில் கிடக்கிறேன். எப்போது விழுந்தேன் என்று தெரியாது. சுற்றிவரச் சனம் அண்ணாந்து, போனைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறது. அவ்வளவு கால்களுக்கும் நடுவில், ஒரு இருபது முழம் தள்ளி, இன்னொரு ஆளும் தரையில் கிடந்தது.

இனி எழுதுவதை இருந்துகொண்டு வாசி.

நாற்பத்தைந்து வயது மட்டில் ஒரு ஆண். பெருவிரலால் காதைப் பொத்தி, மற்ற விரல்களால் கண்ணை மூடி, குப்புறக் கிடந்தான். அது எங்கள் சனம் எல்லோரும் பழகினதுதான். ஆனால் குண்டு அதிர்வில் பல் கிட்டாமல் இருக்க மற்றப் பிள்ளைகளுக்குப் பல்லுக்குள் கடிக்கத் தடி கொடுத்தோம். உன் சீமோன் மட்டும் தடி கசக்கிறது என்று வலது கால் செருப்பைக் கழற்றிக் கடிப்பான். எத்தனை அடி வாங்கினான், விட்டானா? இந்த மனிதனின் வாயில் செருப்பு இருந்தது. வலது கால் வெறுங்கால்.

பிளேன் போனதும் எழும்பி, வாயைத் துடைத்து, செருப்பைப் போட்டுக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நடந்தான். சீமோன் என்று மூன்று தரம் கூப்பிட்டேன். திரும்பவில்லை. பிளேன் மறுபடி வந்து சுட்டது. பெயருக்குத் திரும்பாதவன் அந்தச் சத்தத்துக்கு விழுந்தான். வாயில் திரும்பவும் செருப்பு. நானும் விழுந்துவிட்டேன், அதுதான் நான் விட்ட பிழை. தலையைத் தூக்கினபோது புல் மட்டும் ஒரு ஆள் நீளத்துக்குப் படிந்து கிடந்தது.

முகம் பாதி விரலுக்குள். வலை எடுத்துவரப் போய்த் திரும்பாத பத்தொன்பது வயதுப் பிள்ளையை இருபத்தைந்து வருடம் கழித்து நான் எப்படி அடையாளம் காண்பேன்? படம் பிடித்தாயா என்று ஜெரூஷனைக் கேட்டேன். "எல்லாரும் மேலதான் எடுத்தவை, அம்மம்மா. கீழ ஆர் எடுக்கிறது?" என்றான். யூஜினி என்னை டொக்டரிடம் கூட்டிப்போகப் பார்க்கிறாள். இதைச் சின்னம்மாவுக்கு எழுதக்கூடாது என்று சத்தியமும் வாங்கினாள். மாதா மன்னிக்கட்டும்.

ஒக்டோபர் நடுவில் அதே இடத்தில் கடைசிக் காட்சி. சத்தத்தை இன்னும் கூட்டி வை என்று ஜெரூஷனை நானே கேட்டிருக்கிறேன். எதற்கென்று சொல்லவில்லை. இந்த முறை விழமாட்டேன். எல்லோரும் மேலே பார்க்கட்டும், நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

உனக்கு நம்பிக்கை தரவும் பயமாயிருக்கிறது, தராமல் விடவும் பயமாயிருக்கிறது. ஒன்று மட்டும் செய். சீமோனின் பழைய படம் என்னிடம் இருக்கிறது, அது பெடியன் முகம், உதவாது. உன் இளையவன் றிச்சர்டுக்கும் அவனுக்கும் ஒரே முகவெட்டு, ஒரு வயதுதானே வித்தியாசம். அவனை ஸ்ரூடியோவுக்குக் கூட்டிப்போய்ப் புதிதாக ஒரு படம் எடு. சிரிக்க வேண்டாம், கண்ணாடியையும் கழற்றச் சொல். ஏன் என்று கேட்டால் பெரியம்மா ஆசைப்படுகிறா என்று சொல். போனில் அனுப்பாதே, என் போனைப் பிள்ளைகள்தான் திறப்பது. ரெஜிஸ்டர் தபாலில் போடு.

அதுவரைக்கும் ஆண்டவர் உனக்கு நித்திரையைத் தரட்டும், தங்கச்சி. படத்தைக் கெதியாய்ப் போடு.

உன் அக்கா,
லூர்தம்மா