மல்லிக்குக் கரண்டுப் பட்டை வேண்டாம்

1988, மாசி 2

பனி இன்னும் விடவில்லை. இடது முழங்கால் வலி.

இன்று முற்றத்தில் இருந்தவர்கள், ஒருத்தர் விடாமல்: நான். மகன் முருகேசன். மருமகள் செல்வி. கொழுந்தன் வேலுச்சாமி. எதிர்க்கடை காதர் பாய். நாய் மல்லி. பின்னால் யாரும் மாற்றிப் பேசக் கூடாது, அதற்காக எழுதி வைக்கிறேன்.

கொழுந்தன் ஒரு டப்பாவைத் திறந்தான். உள்ளே கறுப்பாகக் கழுத்துப் பட்டை. அவன் மருமகன் அமெரிக்காவிலிருந்து அனுப்பியது. கையிலிருக்கும் பொத்தானை அமுக்கினால் தூரத்தில் நிற்கும் நாய்க்குக் கழுத்தில் கரண்டு அடிக்குமாம்.

"செவிட்டு நாய்க்கு வேற வழி இல்ல மதினி. கூப்பிட்டா கேக்காது. கரண்டு கேக்கும்."

மல்லி ஒரு மாதக் குட்டியாக இருந்தபோது தாம்பாளத்தைத் தட்டிப் பார்த்து, செவிடு, கிணற்றில் போடுங்கள் என்று சொன்னவன் இவன். நான்தான் மடியில் போட்டுக் கொண்டுவந்தேன். தாய் அவன் வீட்டு வெள்ளை ராஜபாளையம் நாய். தகப்பன் மலை எஸ்டேட்காரர் ஒருவருடைய பறவை வேட்டை நாய். இப்போது மல்லிக்கு வயது ஒன்றரை. புதருக்குள் கவுதாரி இருந்தால் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு சிலை மாதிரி நின்று காட்டுகிறாள். அந்த மூக்கு அவன் வீட்டு நாய் ஒன்றுக்கும் இல்லை. அதனால் இப்போது அவனுக்கு உரிமை வந்துவிட்டது.

குறை ஒன்றுதான். பறவை எழும்பினால் பின்னாலேயே ஓடுவாள். கூப்பிட்டு நிறுத்த முடியாது. போன வாரம் தேவதானம் ரோட்டில் லாரிக்குத் தப்பினாள்.

பேசி முடித்தது: பதினெட்டு நாள். சோழபுரத்துக் காட்டில் வைத்துப் பார்ப்பது. பறவை எழும்பியும் நின்றால் மல்லி என் வீட்டில். ஓடினால் அவன் வீட்டில், பட்டையோடு.

காதர் பாய்: "ஆச்சி, கரண்டு கட் ஆன நேரத்துல நாய் என்ன செய்யுமாம்?"

கொழுந்தனைத் தவிர எல்லோரும் சிரித்தோம்.

மாசி 4

தேவை: நீளக் கயிறு. ஈரல் கால் கிலோ. கவுதாரி ஒன்று. பொறுமை (என்னிடம் இல்லை, செல்வியிடம் இரவல்).

கிணற்றுக் கயிறு கழுத்தை அறுக்கிறது. முருகேசன் வேலை பார்க்கும் பேண்டேஜ் மில்லில் கழித்துப் போட்ட துணி ஒரு மூட்டை கொண்டுவந்தான். மூன்று பிரியாகப் பின்னினேன். நாற்பது முழம்.

செல்வி: "ஆஸ்பத்திரியில காயத்துக்குக் கட்டுத துணி அத்தை. நாயைக் கட்டுதிய."

"காயம் படாம இருக்கத்தான் கட்டுதேன்."

முதல் பாடம்: என் முகத்தைப் பார்த்தால்தான் சோறு. மல்லி தட்டைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், வாலைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் பிடிவாதம். ஒன்றரை மணி நேரம். கடைசியில் பார்த்தாள். எனக்கும் அதற்குப் பிறகுதான் சாப்பாடு.

மாசி 8

காலால் தரையை ஓங்கி மிதித்தால் திரும்பிப் பார்க்கிறாள். தரை அதிர்வது பாதத்தில் தெரிகிறது போல. பார்த்ததும் நான் கையை உயர்த்துவேன். கை மேலே இருந்தால் நிற்க வேண்டும். நின்றால் ஈரல்.

காதர் பாய் தன் கடைக் கவுதாரியைக் கூண்டோடு கொடுத்தார். பெயர் மாமியார். விடியுமுன் கத்தி எழுப்பிவிடுகிறதாம்.

மண்ணெண்ணெய் தீர்ந்தது. குக்கர் வளையம் மாற்ற வேண்டும்.

மாசி 11

ஸ்ரீவில்லிபுத்தூரில் நிச்சயதாம்பூலம், போகாமல் முடியாது. கோபுரத்தைப் பஸ்ஸிலிருந்தே கும்பிட்டேன். நாய் காத்திருக்கும், ஆண்டாளுக்குத் தெரியும்.

பந்தியில் நாத்தனார் ராஜம்மாள், நாலு பேர் கேட்க: "நாய்க்கு டியூசன் எடுக்கியாமே மதினி? பீஸ் எம்புட்டு?"

"உன் மகனையும் கொண்டாந்து விடு. பாதி பீஸ் போதும்."

பத்தாம் வகுப்பை மூன்று தடவை எழுதிய பையன்.

மாசி 15

கயிறு இல்லாமல் முதல் தடவை, வாய்க்கால் பக்கம். காடை எழும்பியது. ஓடிவிட்டாள். திரும்பி வந்ததும் துண்டால் ஓர் அடி வைத்தேன்.

சாயங்காலம் வரை என் முகத்தையே பார்க்கவில்லை. சோற்றுக்குக் கூட. தப்பு என்னுடையது. வந்ததற்கு அடித்திருக்கிறேன், போனதற்கு இல்லை. மறுபடி கயிறு, மறுபடி ஈரல்.

மாசி 18

ஆறு தடவையில் ஆறும் நின்றாள். கயிறு இல்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, கண் படும்.

மாசி 20

சோழபுரம். பருத்திக் காட்டு ஓரம். வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்விட்டோம்.

கொழுந்தன் பட்டையோடு வந்தான். "சும்மா பேருக்குக் கழுத்துல கெடக்கட்டும் மதினி. ஓடிட்டா அந்தப் பக்கம் ரோடு. அமுக்க மாட்டேன், அண்ணன் மேல சத்தியம்."

செத்துப் போன என் வீட்டுக்காரர் மேல் சத்தியம். லாரியை நினைத்துச் சரி என்றேன்.

இலந்தைப் புதர். மல்லி காலைத் தூக்கி நின்றாள். மண்ணை மிதித்தேன், பார்த்தாள். கையை உயர்த்தினேன். முருகேசன் கல்லெறிய நான்கு கவுதாரி படபடவென்று எழும்பின. அசையவில்லை. கண் என் கையிலேயே. மனதுக்குள் எண்ணினேன். ஏழில் அலறினாள். அப்படி ஒரு சத்தம் அவளிடம் கேட்டதில்லை. துள்ளி விழுந்து பருத்திக்குள் ஓடினாள்.

"ஓடுதா பாத்தியளா. பட்டையில்லாம நிக்காது" என்றான் கொழுந்தன்.

முருகேசன்: "சித்தப்பா, பெருவிரல் பொத்தான் மேலதான இருந்துச்சு. நான் பாத்தேன்."

"கை பட்டுருச்சுலே."

"நின்னா. நீதான் ஓட வச்ச" என்றேன். பருத்திக்குள் போய் மல்லியைக் கண்டுபிடித்துப் பட்டையை அவிழ்த்து அவன் கையில் கொடுத்தேன். "ஏலே, உன் கழுத்துல கட்டி ஒரு தடவ அமுக்கிப் பாரு. பொறவு வந்து நாயக் கேளு."

மல்லி என் வீட்டில்.

மாசி 21

காலையில் கையை உயர்த்தினேன். மல்லி தரையோடு படுத்து மூத்திரம் விட்டாள்.

அவளுக்கு அடித்தது பட்டை இல்லை, என் கை. என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதானே சுட்டது.

கொடியில் துணி போடக் கையைத் தூக்கினாலும் ஓடி ஒளிகிறாள். துணியெல்லாம் செல்விதான் போடுகிறாள்.

மாசி 24

கொழுந்தன் மனைவி சீப்புப் பழத்தோடு வந்தாள். "அவிய ரெண்டு நாளா சாப்பிடல அக்கா. ஒரு வார்த்தை சொல்லிருங்க." பழத்தை வாங்கிக்கொண்டேன். வார்த்தை கொடுக்கவில்லை.

முருகேசன்: "விட்டுருங்கம்மா. வயசான மனுசன்."

"நானும்தான் வயசானவ. நான் எந்த நாய்க்கும் கரண்டு வைக்கல."

மாசி 27

கை வேண்டாம். புது அடையாளம்: நான் குனிந்து தரையைத் தொடுவது. முழங்கால் உயிர் போகிறது. இருக்கட்டும். மறுபடி முதல் பாடத்திலிருந்து ஆரம்பம். முகத்தைப் பார்த்தால் சோறு.

இன்று ஒரு தடவை குனிந்தேன், ஒரு தடவை நின்றாள். வால் மட்டும் காலுக்கிடையில்.

பட்டை மேல் கோபம் இல்லை, அது இரும்பு. அனுப்பிய மருமகன் மேல் இல்லை, அவன் நாயைப் பார்த்ததே இல்லை. கட்ட விட்டேனே என்று என் மேல் இருந்தது. குனிந்து எழுந்ததில் அதையும் விட்டேன். கொழுந்தன் வேலுச்சாமி மேல் இருப்பதை விட மாட்டேன்.