சின்ன வண்டியை எடுக்கச் சொன்னீர்கள்

பெரம்பலூரில் இன்று ஒரு பள்ளி மைதானத்தில் தீயணைப்பு வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். தண்ணீர் வண்டி, எண்ணெய்த் தீக்கு நுரை அடிக்கும் வண்டி, கயிறும் வெட்டும் கருவிகளும் ஏற்றிய மீட்பு வண்டி. ஓய்வு பெற்றவன் என்று என்னை விளக்கிச் சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். கடைசியில் பம்பு ஏற்றிய சின்ன ஜீப். அதன் முன்னால் நின்றதும் உங்கள் நினைவு வந்துவிட்டது.

எழுபதுகளின் கடைசி. நான் நிலைய அலுவலர். நீங்கள் வாரம் ஒருமுறை எங்கள் நிலையத்தில் புல் அறுக்க வருவீர்கள். வண்டிகளை எல்லாம் பார்த்து வைத்திருந்தீர்கள். ஒரு கோடை மத்தியானம், அடுத்த ஊரிலிருந்து மூச்சிரைக்க சைக்கிளில் வந்தீர்கள்.

“நாலு வூடு தள்ளி வைக்கப்போரு எரியுதுங்க. எங்க வூட்ட இன்னும் புடிக்கல. சின்ன வண்டிய எடுங்க சார், பெருசு எங்க தெருவுல நொழையாது. பின்னால கெணறு இருக்கு, பம்பு போதும்.”

என்னைவிடப் பத்து வயது மூத்தவர் நீங்கள். “எந்தத் தீக்கு எந்த வண்டின்னு நீ எனக்குச் சொல்றியா? ஏறு” என்றேன். புல் அறுக்கிறவர் சொல்லி நான் கேட்பதா என்கிற திமிர், வேறொன்றுமில்லை.

பெரிய வண்டி தெருமுனைத் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. இருந்த குழாய்களை எல்லாம் இணைத்தும் உங்கள் வீட்டுக்கு எட்டவில்லை. கூரை சரிந்து விழுவதை நீங்களும் உங்கள் மனைவியும் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அந்த வருஷத்துப் பருத்தி முழுக்க உள்ளே இருந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை நீங்கள்.

அத்தோடு நின்றிருந்தால் தவறு என்று சொல்லிக்கொள்ளலாம். மறுநாள் மேலே அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. ‘தகவல் கொடுத்தவர் தெரு குறுகலானது என்று தெரிவிக்கவில்லை’ என்று என் கையாலேயே எழுதினேன். உங்களைக் கூப்பிட்டுக் காகிதத்தை நீட்டினேன். உங்களுக்குப் படிக்கத் தெரியாது என்று எனக்குத் தெரியும்.

“என்னங்க எழுதியிருக்கு?”

“நடந்ததுதான்.”

“நீங்க எழுதுனா சரியாத்தாங்க இருக்கும்” என்று பெருவிரலை மையில் வைத்தீர்கள்.

அறிக்கையில் இருந்தது எப்படியோ ஊருக்குத் தெரிந்து, எல்லாரும் உங்களையே ஏசினார்களாம். நான் மாற்றலாகி அரியலூர் போய்விட்டேன். நீங்கள் இறந்ததைக் கேள்விப்பட்டும் வர தைரியமில்லை.

இன்று மைதானத்தில் உங்கள் மகன் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. “எங்கப்பா அன்னிக்கு வெவரமா சொல்லியிருந்தா வூடு தப்பிச்சிருக்கும், இல்லங்களா சார்?” என்று கேட்டார்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன், ஐயா.

“பழச வுடுப்பா” என்றேன்.