காலுறை கழன்ற வெள்ளிக்கிழமை

மார்ச் 3, திங்கள்

குழாய் ரிப்பேர்க்காரர் இன்றும் வரவில்லை. வந்தது அகராதி அலுவலகத்து உறை.

ஆங்கில மரபுத்தொடர்களுக்கு உதாரண வாக்கியம் எழுதுவது என் வேலை. 'ஜே' வரை ஒன்றுகூடத் திரும்பியதில்லை. இப்போது 'கே'-யில், 'நாக் யுவர் சாக்ஸ் ஆஃப்' என்ற தொடரில் மாட்டிக்கொண்டேன். கண்டது நம்மை அசத்திவிட்டால், காலுறையே கழன்று விழுந்தது என்பார்கள். என்ன அவலட்சணம்! கான்வென்ட்டில் காலுறை கணுக்காலுக்கு இறங்கினால் வெளியே நிற்க வேண்டும். இன்றும் காலுறை போடாமல் நான் வாசல் தாண்டுவதில்லை.

திரும்பி வந்த என் வாக்கியங்களின் ஓரத்தில் பதிப்பாசிரியரின் பென்சில்: "உயிர் இல்லை."

மார்ச் 4, செவ்வாய்

நேரில் போய்க் கேட்டேன். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. தொடரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு வாக்கியத்தை டைப்பிஸ்டுக்கு வாசிப்பார். மறைந்த இடத்தில் என்ன நடந்திருக்கும் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டால் வாக்கியம் தேறியது.

"பாதிரியாரின் பிரசங்கம் எங்களை..."

"தூங்க வச்சிடுச்சு."

"பரிசளிப்பு விழாத் தலைவரின் உரை எங்களை..."

"அதுவும் தூங்க வச்சிடுச்சு சார்."

அலுவலகமே சிரித்தது. "வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணு தேறலன்னா மீதி எழுத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். வேற ஆளா? 'இசட்' வரை நான்தான்.

மார்ச் 5, புதன்

சாப்பிடும்போது புலம்பினேன். மருமகள் பஸ் டிரைவர். காக்கிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்: "நீங்க கடைசியா எதைப் பார்த்து அசந்தீங்க அத்தே?"

ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டேன்.

"அம்மாவாவது, அசரறதாவது! நிலாவைக் காட்டினாக்கூட கறை இருக்கும்பாங்க" என்றான் மகன். அப்பாவின் நாக்கு அப்படியே இவனுக்கு.

மார்ச் 6, வியாழன்

காலை முழுக்க எழுதினேன். எல்லாம் பிணம்.

மார்ச் 7, வெள்ளி

சாப்பிடக்கூட உட்காராமல் இதை எழுதுகிறேன். சந்தோஷத்தில்தான்.

வெறுங்கையோடு அலுவலகத்துக்குக் கிளம்பினேன். வந்து நின்றது மருமகளின் பஸ். அவள் ஓட்டி நான் ஏறியதே இல்லை. அவளும் கூப்பிட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

மார்க்கெட் சந்தில் எதிரே ஒரு சிமெண்ட் லாரி. யாரும் நகர முடியவில்லை. லாரிக்காரன் தலையை நீட்டினான்: "என்னம்மா, வீட்டுக்காரரைக் கூப்பிடவா?"

"அவருக்கு சைக்கிள்தான் ஓட்ட வரும். நீ சைடு கண்ணாடியை மடக்கு!"

பஸ்ஸைப் பின்னால் எடுத்தாள். மருந்துக்கடைப் படிக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவே, இரண்டு பக்கமும் கையகலம்கூட இல்லாத இடம் — ஒரே வளைப்பில், எதையும் உரசாமல், செருகி நிறுத்தினாள். லாரி வாயை மூடிக்கொண்டு போனது.

நான் எழுந்து நின்று கத்திவிட்டேன். ஆங்கிலத்தில். அந்தத் தொடரையே, முழுசாக! பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "உட்காருங்க பாட்டிம்மா" என்றார் கண்டக்டர். டிரைவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் மருமகளின் பற்கள் தெரிந்தன.

தாளை மடியில் வைத்தே வாக்கியத்தை எழுதினேன். அலுவலகத்தில் பதிப்பாசிரியர் தொடரின்மேல் கட்டைவிரலை வைத்தார்.

"சந்து அடைத்துக்கொண்டது, லாரிக்காரன் கேலி செய்தான், என் மருமகள் பஸ்ஸைப் பின்னாலேயே ஓட்டி, கம்பத்துக்கும் படிக்கும் நடுவே செருகியது எங்களை..."

"அசத்திடுச்சு! எல்லாரும் வாயைப் பிளந்திருப்பாங்க சார்!" டைப்பிஸ்ட் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். "நெஜமாவா மேடம்? அந்த லாரிக்காரன் மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

அவர் விரலை எடுத்தார். 'எல்' எழுத்துக்கான தாள்களை என் பக்கம் தள்ளினார்.

பிப்ரவரி 6, வெள்ளி

பதினோரு மாதம் கழித்து அகராதி அச்சாகி வந்தது. 'இசட்' வரை நான்தான்.

மருமகள் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, விரல் வைத்துப் படித்தாள். "இந்த மருமக யாரு அத்தே?"

"உதாரணத்துல வர்றவங்க எல்லாம் கற்பனை."

"சரி சரி. அந்தக் கற்பனைக்கு நாளைக்குக் காலை ஷிஃப்ட். வழக்கமான சீட்டுதானே?"

வழக்கமான சீட்டுதான், டிரைவருக்கு நேர் பின்னால். காலுறை போட்டுக்கொள்வதை மட்டும் விட்டுவிட்டேன். அந்த பஸ்ஸில் அது எப்படியும் நிற்பதில்லை.